ஓய்வுக்குப் பிறகு ஐரோப்பா: விசா ஆவணங்கள் பற்றி நம் ஊரில் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் பிரான்ஸில் ஓர் உறவாவது இருக்கும் குடும்பங்கள் நிறைய. கடலூர், நெய்வேலிப் பக்கம் பிள்ளைகள் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வேலை பார்க்கிறார்கள். வேலை பார்த்த காலத்தில் லீவு கிடைக்காமல் தள்ளிப்போட்ட பயணத்தை ஓய்வு பெற்ற பிறகு போய்வரலாம் என்று நினைப்பவர்களுக்கு முதல் தடை ஷெங்கன் விசாவுக்கான, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவுக்கான ஃபைல். அந்த ஃபைலைத் தயார் செய்யும்போது பெரியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். பெரும்பாலான விவரங்கள் ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். உதாரணங்களுக்கு பிரான்ஸை எடுத்திருக்கிறேன், நம் ஊரிலிருந்து அதிகம் போவது அங்கேதான் என்பதால்.

நான் இப்போது வேலையில் இல்லை. வேலை இல்லாதவர்களுக்கு விசா கிடைக்காது என்கிறார்களே?

ஓய்வு பெற்றவரை வேலையில்லாதவர் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்றே போடலாம். அதிகாரி பார்ப்பது மூன்று விஷயம். எதற்காகப் போகிறீர்கள், செலவுக்குப் பணம் இருக்கிறதா, சொன்ன தேதியில் ஊர் திரும்புவீர்களா. மாதாமாதம் வரும் பென்ஷன், சொந்த வீடு, இங்கேயே இருக்கும் குடும்பம் என்று மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞரிடம் அது இருக்காது. அதனால் தயங்க வேண்டாம். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் பழைய அலுவலகத்தில் போய்த் தடையின்மைச் சான்று கேட்டு அலையவும் வேண்டாம். அது பணியில் இருப்பவர்களுக்கு.

பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றும் போகிறோம். எந்த நாட்டில் விண்ணப்பிப்பது?

அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டில். பிரான்ஸில் 8 நாள், சுவிஸில் 4, இத்தாலியில் 3 என்றால் பிரான்ஸ். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அது. ஒரு விசாவில் 29 நாடுகளுக்கும் போகலாம். ஆனால் ‘அந்த நாட்டுக்கு சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது’ என்று போகாத நாட்டுக்கு விண்ணப்பிப்பது தவறு, ஃபைலில் உள்ள ஹோட்டல் பதிவுகளே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. ரீயூனியன் தீவில் உறவினர் இருந்தால், அது பிரான்ஸின் பகுதிதான் என்றாலும் ஷெங்கனுக்குள் வராது. பாரிஸோடு அங்கேயும் போவதாக இருந்தால் விண்ணப்பிக்கும்போதே தனியாகக் குறிப்பிட வேண்டும்.

எத்தனை மாதம் முன்னால் ஆரம்பிப்பது?

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னாலாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள் ஆகும், சில ஃபைல்களுக்கு 45 நாள் வரை போகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. உங்களுக்கு லீவுக் கணக்கு கிடையாது, செப்டம்பரில் போகலாம். வெயிலும் குறைந்திருக்கும், டிக்கெட் விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

ஃபைலைத் தொடும் முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். காலாவதி நெருங்கினால் முதலில் புதுப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் சிங்கப்பூர், மலேசியா முத்திரை இருந்தால் போன இடத்திலிருந்து ஒழுங்காகத் திரும்பி வந்தவர் என்பதற்கு அதுவே சாட்சி.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பென்ஷன் புத்தகத்தில் ஒரு பெயர், பேங்க்கில் இன்னொன்று. என்ன செய்வது?

நம் பக்கத்துப் பெரியவர்களின் ஃபைல் அதிகம் சிக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். பென்ஷன் ஆணையில் ஒரே எழுத்தாக முன்னால் நிற்கும். பான் கார்டில் பின்னால் போயிருக்கும். சிலருக்கு அந்த ஓர் எழுத்தும் ஊர்ப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் சேர்த்து இரண்டாகிவிட்டிருக்கும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். புதுச்சேரியில் பிரெஞ்சு முறைப்படி பிறப்புப் பதிவானவர்களுக்கு இது தனித் தலைவலி. பிறப்புச் சான்றில் குமார் என்ற பெயர் ‘சி’யில் ஆரம்பித்து, நடுவில் ‘ஓ’வும் ‘யு’வும் சேர்ந்து இருக்கும். ஆதாரில் அதே பெயர் ‘கே’யில் ஆரம்பிக்கும். கம்ப்யூட்டருக்கு இருவரும் வேறு வேறு ஆள்.

விண்ணப்பம், டிக்கெட், ஹோட்டல், இன்சூரன்ஸ் என்று புதிதாக எடுக்கும் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் பெயரைப் போடுங்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம். பழைய ஆவணங்களில் பேங்க் கணக்கை மட்டும் திருத்த முயலுங்கள். பாஸ்போர்ட் நகலோடு கிளைக்குப் போனால் பெரும்பாலும் முடிந்துவிடும். பென்ஷன் ஆணையைத் திருத்தப் புறப்பட்டால் மாதக் கணக்கில் இழுக்கும், விசாவுக்காக அதைத் தொட வேண்டாம். அதற்குப் பதில், இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வையுங்கள். ஃபைலோடு வைக்கும் விளக்கக் கடிதமான கவரிங் லெட்டரிலும் ஒரு வரி சேருங்கள். வித்தியாசத்தை நீங்களே முன்வந்து சொல்லிவிட்டால் அது வெறும் விளக்கம். அதிகாரி தானாகக் கண்டுபிடித்தால் சந்தேகம்.

பிறந்த தேதிக்கும் இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதியும் உண்மையான தேதியும் வேறாக இருக்கலாம். விசாவைப் பொறுத்தவரை பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் உங்கள் பிறந்த தேதி.

ஓய்வு பெற்றதற்கு எதைக் காட்டுவது?

பென்ஷன் ஆணை, அதாவது பி.பி.ஓ.வின் நகல். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்கள் மாதச் சீட்டைக் களஞ்சியம் செயலியில் எடுக்கலாம். புதுச்சேரி அரசில் ஓய்வு பெற்றவர்கள் கணக்கு மற்றும் கருவூலத் துறையில் கேட்கலாம். கடைசி மூன்று மாதச் சீட்டு போதும்.

தனியார் துறையில் இருந்தவர்கள் பணியிலிருந்து விடுவித்த கடிதம் வையுங்கள், இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பென்ஷன் வந்தால் அதன் ஆணையையும் சேருங்கள். கடை வைத்திருந்து பிள்ளையிடம் ஒப்படைத்தவர்கள் அதை அப்படியே கடிதத்தில் எழுதி, வருமானவரிக் கணக்கை இணைக்கலாம்.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

பிரான்ஸ் இதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. ஹோட்டல் பதிவு இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ. உறவினர் வீட்டில் முறைப்படி, அதாவது கீழே சொல்லும் வரவேற்புச் சான்றோடு தங்குவதாக இருந்தால் 32.50 யூரோ. எந்தப் பதிவும் இல்லை என்றால் 120. ஹோட்டலில் 15 நாள் தங்கும் தம்பதிக்குக் கணக்குப் போட்டால் 1,950 யூரோ. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் சுமார் 2 லட்சம். இது அடித்தளம்தான், டிக்கெட்டும் ரயிலும் தனி. இதைவிடத் தாராளமாக இருப்பு இருந்தால் நல்லது.

ஆனால் மொத்தத் தொகையைவிடப் பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதைத்தான் அதிகாரி கவனிப்பார். ஒவ்வொரு மாதமும் பென்ஷன் விழுகிறது, கரண்ட் பில், மருந்து, மளிகைக்குப் போகிறது, கொஞ்சம் மிஞ்சுகிறது. இப்படி ஓடும் கணக்குதான் நம்பிக்கை தரும். பென்ஷன் வந்த அன்றே முழுவதையும் எடுத்து பீரோவில் வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பயணம் போக நினைத்தால் ஆறேழு மாதம் முன்பே அதை நிறுத்திவிட்டு, செலவைக் கணக்கு வழியாகவே செய்யுங்கள்.

நெய்வேலி சுரங்கத்திலோ நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலோ இருந்து ஓய்வு பெற்றவர்களில் பலருக்கு இ.பி.எஃப். பென்ஷன் சில ஆயிரம்தான். கைக்கு வந்த தொகை எஃப்.டி.யிலும் தபால் ஆபீஸிலும் இருக்கும். அதனால் உங்கள் ஃபைல் பலவீனம் என்று நினைக்காதீர்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம், வட்டி மாதாமாதம். அந்த வட்டி உங்கள் சேமிப்புக் கணக்கில் வந்து விழும்படி வைத்துக்கொண்டால், ஸ்டேட்மென்ட்டிலேயே உங்கள் வருமானம் தெரியும். எஃப்.டி.யை உடைத்துச் சேமிப்புக் கணக்கில் கொட்ட வேண்டாம். ரசீது நகல் போதும், பேங்க் கொடுக்கும் இருப்புச் சான்றும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

ஸ்டேட்மென்ட் கடைசி ஆறு மாதத்துக்கு, பேங்க் முத்திரையும் கையெழுத்தும் போட்டு வாங்குங்கள். மூன்று மாதம் போதும் என்று சில நாடுகள் சொன்னாலும் ஆறு மாதம் கொடுப்பதில் நஷ்டமில்லை. பாஸ்புக் ஜெராக்ஸை மட்டும் நம்பாதீர்கள்.

வருமானவரி கட்டும் அளவுக்கு எனக்கு வருமானம் இல்லை. கணக்குத் தாக்கல் செய்ததே இல்லையே?

வரி வராவிட்டாலும் தாக்கல் செய்யலாம். பயணத் திட்டம் இருந்தால் இந்த ஆண்டே செய்துவிடுங்கள். 75 வயதுக்கு மேல், ஒரே பேங்க்கிலிருந்து பென்ஷனும் வட்டியும் மட்டும் வருபவர்கள், அந்த பேங்க்கில் உரிய படிவம் கொடுத்திருந்தால் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. அவர்கள் பேங்க் தரும் படிவம் 16-ஐ வைத்து, காரணத்தைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதினால் போதும்.

மகன் என் கணக்கில் 5 லட்சம் போடுகிறேன் என்கிறான். போடச் சொல்லலாமா?

வேண்டாம். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று விழும் பெரிய தொகையைப் போலச் சந்தேகத்தைக் கிளப்புவது வேறில்லை. மகன்தான் செலவு செய்கிறார் என்றால் அதையே சொல்லுங்கள். அதில் குறைவில்லை. அவருடைய கடிதம், சம்பளச் சீட்டு, ஸ்டேட்மென்ட், அங்கே வசிக்கும் அனுமதி அட்டையின் நகல், உங்கள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். ஜெர்மனியில் இருந்தால், அவர் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்கும் முறையான உறுதிப் பத்திரம் வாங்கி அசலை அனுப்ப வேண்டும்.

வீடு, நிலம் விற்ற பணமோ ஓய்வுப் பலன்களோ நிஜமாகவே அந்தச் சமயத்தில் வந்திருந்தால் அதற்கான தாளையும் வைத்துவிடுங்கள், பிரச்சினை இல்லை.

என் மனைவிக்குத் தனி வருமானம் கிடையாது.

பெரிய விஷயமே இல்லை. இருவரும் ஒன்றாக விண்ணப்பியுங்கள். அவர் ஃபைலிலும் உங்கள் பென்ஷன், பேங்க் நகல்களை வையுங்கள், ‘என் மனைவியின் செலவை நான் ஏற்கிறேன்’ என்று ஒரு கடிதமும் சேருங்கள். ஒவ்வொருவர் ஃபைலும் தனித்தனியாக முழுமையாக இருக்க வேண்டும், ‘கணவர் ஃபைலைப் பார்க்க’ என்று விடக்கூடாது. கல்யாணப் பதிவுச் சான்று 1970, 80களில் மணம் முடித்த பலரிடம் இருக்காது. பாஸ்போர்ட்டில் ஒருவர் பெயர் மற்றவருடையதில் இருந்தால் அது நல்ல ஆதாரம். அரசு ஓய்வூதியர் என்றால் பென்ஷன் ஆணையில் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒட்டியிருக்கும், அந்தப் பக்கத்தை மறக்காமல் ஜெராக்ஸ் எடுங்கள்.

கணவரை இழந்து குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாக்கள் அந்த ஆணையையும் இறப்புச் சான்றையும் வைத்தால் போதும். தனியாகப் போகிறோமே என்று அஞ்ச வேண்டாம். உரிமையோடு வாங்கும் பென்ஷன் அது, முழு வருமானமாகவே எண்ணப்படும்.

மகள் பாரிஸ் பக்கம் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்க அழைப்புக் கடிதம் போதாதா?

வெறும் கடிதம் போதாது. தங்கவைப்பவர் தம் ஊர் நகராட்சியில் ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். நம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி என்ற நகராட்சிக் கட்டடம் இருக்கிறதே, அங்கே அதுபோல ஊருக்கு ஊர் ஒரு மேரி. உங்கள் மகள் அங்கே அப்பாயின்ட்மென்ட் எடுத்து, வீட்டு ஆதாரம், வருமான ஆதாரம், உங்கள் பாஸ்போர்ட் எண், வந்து போகும் தேதிகள் எல்லாம் கொடுத்து, 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டுவார். சில ஊர்களில் இதற்கே வாரக்கணக்கில் ஆகும், சில இடங்களில் வீட்டை நேரில் பார்க்கவும் வருவார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டிய வேலை இதுதான். சான்றின் அசல் உங்கள் கைக்கு வர வேண்டும். அதில் உள்ள தேதிக்குள் உங்கள் பயணத் தேதிகள் அடங்கவும் வேண்டும்.

டிக்கெட் வாங்கிவிடலாமா?

விசா வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள். முன்பதிவு காட்டினால் போதும். ஹோட்டலிலும் கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதி உள்ளதாகப் பாருங்கள். ஆனால் பதிவு நிஜமாக இருக்க வேண்டும். ‘டம்மி டிக்கெட்’ என்று போலியாக அச்சடித்துத் தருபவர்களிடம் போகவே வேண்டாம்.

எனக்கு 72 வயது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும், பிரீமியம் கூடும். விசாவுக்கு வேண்டியது குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. எல்லா ஷெங்கன் நாடுகளிலும், தங்கும் எல்லா நாளும் செல்ல வேண்டும். ஆனால் விசா கிடைத்தால் போதும் என்று மலிவானதை எடுக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன தருவார்கள் என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும்தான் தருவார்கள். சர்க்கரையை மறைத்து எடுத்த பாலிசி அங்கே ஆஸ்பத்திரியில் படுக்கும்போது உதவாது. பெற்றவர்களுக்கு ஆன்லைனில் பாலிசி எடுத்துத் தரும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கவரிங் லெட்டரில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம், ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில். யார் நீங்கள், எங்கே என்ன வேலை பார்த்து எப்போது ஓய்வு பெற்றீர்கள். எந்தத் தேதியில் எங்கே போய் எப்போது திரும்புகிறீர்கள். செலவு யாருடையது. இங்கே என்ன இருக்கிறது. இவ்வளவுதான். ‘கடலூர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றேன். நானும் என் மனைவியும் செப்டம்பர் 5 முதல் 20 வரை பிரான்ஸையும் சுவிட்சர்லாந்தையும் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். செலவு என் பென்ஷனிலிருந்தும் சேமிப்பிலிருந்தும். மஞ்சக்குப்பத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம், என் தாயாரும் எங்களோடு இருக்கிறார்.’ இந்த நடையில் எளிமையாக இருந்தால் போதும். உங்கள் நாட்டின் பண்பாட்டை நேசிக்கிறேன் என்றெல்லாம் நீட்ட வேண்டியதில்லை. கூடவே நாள்வாரியாக ஒரு பயணத் திட்டம் வையுங்கள். அதில் உள்ள தேதிகள் ஹோட்டல் பதிவோடும் இன்சூரன்ஸோடும் ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் வித்தியாசம்கூட ஃபைலை நிறுத்தி வைக்கும்.

வீட்டுப் பத்திரம், பட்டா எல்லாம் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. வைத்தால் நல்லது. தமிழில் இருப்பதை மொழிபெயர்த்து வையுங்கள். முப்பது பக்கப் பத்திரம் முழுவதையும் மொழிபெயர்க்கக் காசு கொடுக்க வேண்டாம், பட்டாவும் வீட்டு வரி ரசீதும் போதும்.

அப்பாயின்ட்மென்ட் அன்று என்ன நடக்கும்?

பிரான்ஸ் விசா என்றால் இணையத்தில் படிவத்தை நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்துக்குப் போக வேண்டும். புதுச்சேரியிலேயே மையம் இருப்பதால் கடலூர்க்காரர்களும் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. மற்ற பல நாடுகளுக்குச் சென்னைதான். மையம் ஃபைலை வாங்கிக்கொள்ளும், முடிவெடுப்பது தூதரகம். கட்டணம் 90 யூரோ, ரூபாயில் கட்டலாம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இரண்டும் திரும்பாது. சோபாவும் காபியும் தரும் பிரீமியம் சேவை உங்கள் வசதிக்கு மட்டும்தான், விசா கிடைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கைரேகை எடுப்பார்கள். வயதான விரல்களில் ரேகை தேய்ந்திருந்தால் இரண்டு மூன்று முறை முயல்வார்கள், பதற வேண்டாம். கடந்த 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்கு ரேகை கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்தலாம். போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுப்பது நல்லது. ஸ்டுடியோவில் முகத்தை வழுவழுப்பாக்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அசல்களைக் கொண்டு போங்கள், பாஸ்போர்ட் தவிர மற்றவற்றைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் வைத்துக்கொள்வது தவறா?

தவறில்லை. கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்கு உதவிதான். நிரப்பிய படிவத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், பொறுப்பு உங்களுடையது. ‘விசா கியாரண்டி’ என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மறுத்துவிட்டால்?

காரணத்தைக் குறியிட்ட ஒரு தாள் தருவார்கள். பயண நோக்கம் தெளிவில்லை, பணம் போதவில்லை, திரும்புவதில் சந்தேகம் என்று இருக்கும். அதைத் திருத்தி மறுபடி விண்ணப்பிக்கலாம், மேல்முறையீடும் செய்யலாம். அடுத்த படிவத்தில் பழைய மறுப்பைக் கேட்டால் மறைக்காதீர்கள். கணினியில் எல்லாம் இருக்கிறது.

நவம்பரில் அங்கே இருப்பேன். வாழ்நாள் சான்று என்ன ஆகும்?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். மாநில அரசில் ஓய்வு பெற்றவர்கள் தம் நேர்காணல் மாதத்தைக் கருவூலத்தில் உறுதி செய்துகொண்டு பயணத் தேதியை வையுங்கள். இ.பி.எஃப். பென்ஷனுக்கு, சான்று கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.

விசா வந்துவிட்டது. இனி என்ன?

கவரைத் திறந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று பாருங்கள். தவறு இருந்தால் உடனே மையத்தில் சொல்லுங்கள். ‘தங்கும் நாட்கள் 20’ என்று இருந்தால் விசாவின் கடைசித் தேதி எதுவானாலும் 20 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். நீண்ட காலம் செல்லும் ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களுக்கும் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் உச்சவரம்பு. இரண்டு முறை விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டாண்டுப் பல நுழைவு விசா தரும் முறை 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு உண்டு. பேரப்பிள்ளைகளை அடிக்கடி பார்க்கப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபைலின் ஒரு நகலைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். பாரிஸில் இறங்கியதும் எல்லை அதிகாரி ஹோட்டல் பதிவு, இன்சூரன்ஸ், திரும்பும் டிக்கெட் மூன்றையும் கேட்க உரிமை உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக, முத்திரை குத்துவதற்குப் பதில் முகத்தையும் விரலையும் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. முதல் தடவை வரிசை நீளலாம். நடக்கச் சிரமப்படுபவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.